பெயர் எழுதாத உறையில் வந்த குளிசை

சுன்னாகப் பக்கத்து மருந்துக் கடை ஒன்றில் வைத்தியரின் சீட்டைக் கேளாமலே விற்ற அன்டிபயோட்டிக் குளிசைகளால் 71 வயதான என் அப்பா 5 மாதங்கள் துன்பப்பட்டார். அன்டிபயோட்டிக்கைச் சீட்டில்லாமல் விற்பதற்கு இலங்கையில் அனுமதியில்லை என்பதை அப்போது நாங்களும் எண்ணிப் பார்க்கவில்லை.

சளி இருமலுக்கென்று கேட்டபோது, பட்டையிலிருந்து கத்தரித்த குளிசைகளைச் சிறிய கடதாசி உறையிலிட்டு, "காலை 1, இரவு 1" என்று மட்டும் எழுதித் தந்தார்கள். மருந்தின் பெயரும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. 5 நாட்களில் குறையவில்லை என்றதும் அதையே இன்னும் 5 நாட்களுக்குத் தந்தார்கள். இருமல் நின்றது.

மூன்று வாரங்களின் பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கடி (அரிப்பு) தொடங்கி, இரவில் அவரால் உறங்கவே முடியாமற்போனது. அதே கடையில் ஒவ்வாமை என்று சொல்லிப் பூச்சு மருந்து ஒன்றை விற்றார்கள். சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்து, மலம் வெளிறி, கண்கள் மஞ்சளான பிறகே அது செங்கமாரி என்று எங்களுக்கு விளங்கியது. அயலவர் சொன்னபடி கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்ததில் மேலும் சில நாட்களை இழந்தோம்.

யாழ். போதனா வைத்தியசாலையில் முதலில் கேட்ட கேள்வி, கடந்த 2 மாதங்களில் என்னென்ன மருந்து எடுத்தார் என்பதுதான். எங்களிடம் விடை இல்லை. கடைக்குச் சென்று கேட்டபோது, அப்படி எதுவுமே தாங்கள் தரவில்லை என்று மறுத்தார்கள். அப்பாவின் சட்டைப் பையில் கிடந்த வெறும் பட்டைத் துண்டில் இருந்த பாதிப் பெயரைக் கொண்டே அது கோ-அமொக்சிக்ளாவ் என்ற அன்டிபயோட்டிக் என்று வைத்தியர் அறிந்தார்.

இரத்தத்தில், பித்தம் தேங்குவதைக் காட்டும் அல்கலைன் பொஸ்பட்டேசும் பிலிருபினும் மிகவும் உயர்ந்திருந்தன. ஸ்கானில் கல்லோ அடைப்போ இல்லை. இம்மருந்து சிலருடைய நுண்ணிய பித்தக்குழாய்களைப் பாதித்துப் பித்தம் வடிவதைத் தடுக்கும் என்றும், குளிசை முடிந்து பல வாரங்களின் பின்னரும் அது வெளிப்படலாம் என்றும், வயதான ஆண்களுக்கும் கூடுதல் நாட்கள் எடுத்தவர்களுக்குமே இந்த ஆபத்து அதிகம் என்றும் விளக்கினார்கள். பெரும்பாலோர் தேறிவிடுவர்; மிக அரிதாகக் குழாய்களே அழிந்து, கல்லீரல் மாற்றுச் சிகிச்சை வரை போவதுமுண்டு என்று கேட்ட நாளில் அம்மா சாப்பிடவில்லை.

இதை முறிக்கும் மருந்து என்று ஒன்றும் கிடையாது. பித்தம் வடிய உதவும் அர்சோடியொக்சிகோலிக் அமிலக் குளிசையும், கடிக்குக் கொலஸ்டைரமின் தூளும் தந்தார்கள். அந்தத் தூள் மற்ற மருந்துகளையும் குடலில் பிடித்துவைக்கும் என்பதால், பிரஷர் குளிசையை அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே கொடுத்துவந்தோம்.

இந்த மருந்தை அவர் இனி ஒருபோதும் தொடக்கூடாது. மறுமுறை எடுத்தால் பாதிப்பு இன்னும் கடுமையாகலாம். ஒரே மருந்து கடைகளில் பல வர்த்தகப் பெயர்களில் விற்கப்படுவதால், அமொக்சிசிலின், கிளவுலானிக் அமிலம் என்ற உட்பொருட்பெயர்களையே வைத்தியர் அப்பாவின் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதித் தந்திருக்கிறார்.