அபுதாபி வெயிலில் லேண்ட் க்ரூசருக்கு எந்த டயர்?

என் கையில் இருப்பது கம்பெனி வண்டி, லேண்ட் க்ரூசர் 200. இன்ஜினியர்களை அபுதாபியிலிருந்து ருவைஸ், ஹப்ஷான், மதீனத் சாயித், சில நாள் லிவா வரைக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது வேலை. 2024 ஆரம்பத்தில் நாலு டயரையும் மாற்றும் நேரம் வந்தது. மிச்செலின் ப்ரைமசி எஸ்யூவி பிளஸ் போட்டோம். அளவு 285/60 ஆர்18, பக்கத்தில் 116வி என்று இருக்கும். இரண்டு கோடை அதில் ஓட்டியாகிவிட்டது. பெரிய வண்டிக்கு டயர் வாங்கப்போகிற நம்ம ஆட்கள் அடிக்கடி கேட்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. இது ரோட்டுக்கான டயர். ஐரோப்பாவில் கோடை டயர், பனிக்கால டயர் என்று இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவார்கள். 7 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பு போய்விடும் என்பது அங்கே கணக்கு. இங்கே நமக்கு அந்தக் கவலையே கிடையாது. வருஷம் பூராவும் கோடைதான். ஜூலை, ஆகஸ்டில் சுவைஹான் பக்கம் 50 டிகிரியைத் தாண்டுகிறது, தார் ரோடு அதைவிட அதிகமாகக் கொதிக்கிறது. ஆகவே இங்கே கேள்வி ஒன்றுதான்: ரோடு டயரா, இல்லை முரட்டுப் பட்டன் வைத்த ஆல் டெரைன் டயரா?

முசஃபா சனையாவில் (தொழிற்பேட்டையில்) எந்த டயர் கடைக்குப் போனாலும் முன்வரிசையில் நிறுத்தி வைத்திருப்பது ஆல் டெரைன்தான். வெள்ளை எழுத்து, பெரிய கட்டைகள், பக்கச்சுவர் வரைக்கும் வெட்டு. லேண்ட் க்ரூசரில் மாட்டினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. எங்கள் கேம்ப்பில் பாதி வண்டிகளில் அதுதான். ஆனால் அந்த வண்டிகள் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். அபுதாபியிலிருந்து ருவைஸ் முழுக்கத் தார் ரோடு. கேம்ப் கேட்டைத் தாண்டிய பிறகு கொஞ்சம் கச் ரோடு, அதாவது தார் போடாத மண் ரோடு, எப்போதாவது மணல். இதற்காக மீதித் தூரம் முழுக்க அந்தக் கட்டை டயரைச் சூட்டில் உருட்டிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப்படவில்லை.

காரணம் சூடு. டயர் உருளும்போது ரோட்டில் படுகிற இடம் நசுங்கி, விலகியதும் மறுபடி நிமிர்கிறது. அந்த நசுங்கலில்தான் ரப்பருக்குள் வெப்பம் பிறக்கிறது. ரப்பர் எவ்வளவு தடியோ அவ்வளவு வெப்பம், அது வெளியேறவும் அவ்வளவு நேரம். ஆல் டெரைன், சேற்றுக்கென்று வரும் மட் டெரைன் டயர்களில் கட்டைகள் உயரம், ஒவ்வொன்றும் தனித்தனியாக நெளியும். காலியாகவே இரண்டரை டன்னுக்கு மேல் இருக்கிற வண்டி, ஐந்து ஆள், பின்னால் சாமான், மத்தியானம் ரெண்டு மணி. ரோடு டயரில் ரப்பர் மெல்லிசு, கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், நெளிவு குறைவு.

வேக எழுத்தையும் பார்த்து வாங்குங்கள். நிறைய மட் டெரைன் டயர்களில் கியூ என்று போட்டிருக்கும், அதாவது 160 கிலோமீட்டர்தான் அதன் உச்சம். அபுதாபியில் சில ரோடுகளில் சட்டப்படி ஓட்டக்கூடிய வேகமே 160. டயரின் கடைசி எல்லையிலேயே மணிக்கணக்கில் ஓட்டுவது போல ஆகிவிடும். வி என்றால் 240 வரை. அந்த வேகத்தில் யாரும் போகச் சொல்லவில்லை, 140-ல் போகும்போது டயருக்கு மூச்சு முட்டாமல் இருக்கும். 116 என்பது பாரம், ஒரு டயர் 1,250 கிலோ தாங்கும். விலை குறைகிறதென்று இதைவிடக் குறைந்த எண்ணை இந்த வண்டிக்கு யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனி ஓட்டிய அனுபவம். மாட்டியதும் தெரிந்தது அமைதி. பழைய செட்டில் 100-ஐத் தாண்டியதும் ஒரு ஊளை ஆரம்பிக்கும், பின்சீட்டில் இருப்பவர் போனில் பேசக் கத்த வேண்டும். இப்போது ஏசி சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. ஸ்டியரிங் நேராகப் பிடிக்கிறது, லாரி கடக்கும்போது காற்று தள்ளினாலும் வண்டி நீந்துவதில்லை. ஜெபல் ஹஃபீத் மலை ரோடு தெரியும்தானே, 11.7 கிலோமீட்டருக்கு 60 வளைவு. விருந்தாளிகளை அங்கே கூட்டிப்போய் இறங்கும்போது இவ்வளவு கனமான வண்டி வெளிப்பக்கம் சாய்ந்து இழுக்கும். ரோடு டயரில் அந்த இழுப்பு ஒரே சீராக வருகிறது, எங்கே பிடி விடும் என்று கைக்கு முன்கூட்டியே தெரிகிறது. பிரேக்கும் அப்படித்தான். வேலி இல்லாத உள்ரோடுகளில் ஒட்டகம் குறுக்கே வந்தால் இதன் அருமை தெரியும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி மழையை இங்கே இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். அல் ஐன் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளைக்குள் 254 மில்லிமீட்டர். அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்று அரசாங்கமே சொன்னது, வண்டி எடுக்கவில்லை. அதற்கடுத்த நாட்களில் ரோட்டில் அங்கங்கே தண்ணீர் நின்றது, ஓட்ட வேண்டியிருந்தது. 285 அகலம் உள்ள டயர் தண்ணீர்மேல் மிதக்கத்தான் பார்க்கும். நீளவாட்டில் ஓடும் பள்ளங்கள் ஆழமாக இருந்தால் அந்தத் தண்ணீரைப் பின்னால் தள்ளிவிடும். புது டயர் என்பதால் எனக்கு அந்தப் பிடி கிடைத்தது. ஸ்டியரிங் லேசாவது போல ஒரு கணம்கூட இல்லை. கூட வந்த இன்னொரு வண்டி தேய்ந்த கட்டை டயர், அந்த டிரைவர் 60-க்கு மேல் ஏற்றவே இல்லை. அவர் செய்தது சரி. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை தேய சட்டம் விடுகிறது, ஆனால் நிற்கும் தண்ணீரில் 1.6 எதற்கும் உதவாது. நான் 3-க்கு வந்ததும் மாற்றச் சொல்லி ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

மணலில் போகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகும், நன்றாகவே போகும். மணலுக்குக் கட்டை டயர் வேண்டும் என்பது நம்ம ஆட்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. மணலில் வேண்டியது மிதப்பு. பெரிய கட்டைகள் மணலைத் தோண்டும், தோண்டினால் வண்டி உட்காரும். மொழுமொழுவென்று இருக்கும் டயரில் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கினால் தரையில் படுகிற பரப்பு நீளவாட்டில் விரிந்து ஒட்டகப் பாதம் போல மேலேயே நடக்கும். லிவாவில் தல் முரைப் என்ற பெரிய மணல் மலைக்குப் போகிற வழியில் இருக்கிற மணல்மேடுகளில் இந்த டயரில்தான் போய்வருகிறேன். தல் முரைப் ஏறுவதைச் சொல்லவில்லை. 300 மீட்டர் உயரத்தில் அந்தச் செங்குத்தில் ஏறுகிறவர்கள் அதற்கென்றே வண்டி கட்டுகிறவர்கள்.

ரோடு டயர் தோற்கும் இடம் இரண்டு, எந்தக் கம்பெனி டயராக இருந்தாலும் சரி. ஒன்று சப்கா, கடலோரத்து உப்புச் சேறு. மேலே காய்ந்த அப்பளமாகத் தெரியும், உள்ளே களி. ரோடு டயரின் பள்ளங்கள் அந்தக் களியில் அடைத்துக்கொண்டால் அப்புறம் வழவழதான். மற்றொன்று ராஸ் அல் கைமா, ஃபுஜைரா பக்கத்து வாதிக் கற்கள் (வாதி என்றால் மலையடி வறண்ட ஆற்றுப் படுகை). கூர்க்கல் பக்கச்சுவரில் கீறினால் மெல்லிசுச் சுவர் தாங்காது, பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சரும் போட முடியாது. வாரம் தவறாமல் வாதிக்குள் இறங்குகிற ஆள் இதை வாங்க வேண்டாம். அவருக்கு ஆல் டெரைன்தான் சரி.

இவ்வளவு சொன்னாலும் டயரைக் காப்பதும் கொல்வதும் காற்றுதான். முசஃபாவில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் பெஷாவர்க்காரர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் கான் பாய். ஒருநாள் வேறொரு வண்டியின் டயரை ரிம்மிலிருந்து கழற்றியவர் என்னைக் கூப்பிட்டு உள்ளே பார்க்கச் சொன்னார். வெளியே பார்த்தால் டயரில் ஒரு குறையும் கிடையாது, பள்ளம் பாதிக்கு மேல் மிச்சம். உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார். கறுப்புத் தூள், டீத்தூள் மாதிரியே குருணை குருணையாக. உட்சுவரைச் சுற்றி ஒரு வளையம், விரலால் தடவினால் மெழுகு போன இடம் போலச் சொரசொரப்பு, ஓரிடத்தில் உள்நூல் எட்டிப் பார்த்தது. "காத்து கம்மியா வெச்சு ரோட்ல ஓட்டியிருக்கான், பாய். மணல்லேருந்து அப்படியே வந்திருப்பான்" என்றார் இந்தியில். அந்த டயரை மறுபடி மாட்டித் தரச் சொல்லி வண்டிக்காரர் மன்றாடினார். கான் பாய் ஒத்துக்கொள்ளவில்லை. கத்தியை எடுத்துப் பக்கச்சுவரில் ஒரே கீறு, குப்பைக்குப் போனது. ஒரு செட் டயர் ஒரு டிரைவரின் மாதச் சம்பளத்தை விழுங்குகிற காசு என்று அவருக்கும் தெரியும். அப்படியும் வெட்டினார் பாருங்கள், அதனால்தான் நான் அந்தக் கடையை விட்டு வேறெங்கும் போவதில்லை.

இது புதுக்கதையும் கிடையாது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்தோல் ஓட்டத்திலேயே உரிந்து வண்டிகள் புரண்டன. அமெரிக்காவில் 2000 ஆகஸ்டில் ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்ப வாங்கினார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1999-ல், சவுதியிலும் வளைகுடாவின் மற்ற நாடுகளிலும் ஃபோர்டு டயர்களை மாற்றிக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. டயரின் செய்நேர்த்திக் குறையோடு, அந்த வண்டிக்குச் சொல்லியிருந்த 26 பிஎஸ்ஐ காற்று, வேகம், வெயில் எல்லாமே அதில் பேசப்பட்டன. இந்த ஊர் வெயில் முதலில் காட்டிக் கொடுத்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் செய்வது இதுதான். விடிகாலையில், வண்டி நகர்வதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பார்க்கிறேன். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன இருக்கிறதோ அதுதான் அளவு. முழுப் பாரம் ஏற்றினால் ஒன்றிரண்டு கூடுதல். காலையில் 33 வைத்தது மத்தியானம் ஹைவேயில் 38, 39 காட்டும். அது வெப்பத்தில் காற்று விரிவது, டயர் செய்கிறவன் கணக்குப் போட்டே வைத்திருக்கிறான். அதைப் பார்த்துப் பயந்து சூட்டோடு காற்றை இறக்குகிறவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். இறக்கினால் டயர் இன்னும் நசுங்கும், இன்னும் சூடேறும். நைட்ரஜன் போடச் சொல்வார்கள். போடலாம், தப்பில்லை. நாம் அடிக்கிற சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசில் ஒரு நல்ல கேஜ் வாங்கி வண்டியில் வையுங்கள்.

மணலிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் இடத்திலேயே கம்ப்ரஸரை மாட்டுங்கள். 285 டயர் நாலுக்கும் காற்று அடித்து முடிக்க நேரமாகும், வெயில் மண்டையைப் பிளக்கும், பின்சீட்டில் இருப்பவர் வாட்ச்சைப் பார்ப்பார். பார்க்கட்டும். "சார், அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். அதற்காக என்னை யாரும் இதுவரை திட்டியதில்லை.

வாங்கும்போது பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துக்குப் பின்னால் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 4023 என்றால் 2023-ஆம் வருஷம் 40-ஆவது வாரம் செய்தது. அமீரகத்தில் ஐந்து வருஷம் தாண்டிய டயர் செல்லாது, முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்கப் பாஸிங் என்ற வண்டிச் சோதனைக்குப் போனால் நிறுத்திவிடுவார்கள். ரோட்டில் பிடித்தால் 500 திர்ஹம், 4 கறுப்புப் புள்ளி, வண்டி ஒரு வாரம் உள்ளே. கடைக்காரர் விலையை இறக்குகிறார் என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். நாலு டயரும் ஒரே தேதிக்குப் பக்கமாக இருக்கட்டும். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள், வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டு அதற்கும் வயசாகிறது.

என் செட்டில் இப்போது பள்ளம் பாதிக்கு மேல் இருக்கிறது, தேய்மானம் நாலிலும் ஒரே சீர். டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போடுவதும் அலைன்மென்டும் தவறாமல் செய்ததில் அது வந்தது. அடுத்த தடவையும் ரோடு டயர்தான் கேட்பேன். கம்பெனி வேறு பெயரில் வாங்கிக் கொடுத்தாலும் 116வி-யும் புதுத் தேதியும் இருந்தால் மறு பேச்சு பேச மாட்டேன். நிசான் பட்ரோல் வண்டி ஓட்டுகிறவர்கள் உங்கள் வண்டி 265/70 ஆர்18-ஆ, 275/60 ஆர்20-ஆ என்று முதலில் பார்த்துவிட்டுக் கேளுங்கள். இரண்டுக்கும் கிடைக்கிற டயர்கள் வேறு வேறு. மணலுக்குப் போகிற ஆள் என்றால் 18 இன்ச் ரிம்மே நல்லது, பக்கச்சுவர் உயரம் கூடுதல், காற்று இறக்க இடம் இருக்கும்.