கருந்திரையில் மவுஸ்: ஜிபிஎம்முடன் பல ஆண்டுகள்

வரைகலை இடைமுகம் எதுவும் நிறுவாத டெபியன் லினக்ஸ் கணினி ஒன்றைப் பல ஆண்டுகளாக வீட்டுச் சர்வராக வைத்திருக்கிறேன். அதன் கன்சோலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில், மவுஸை இயங்கவைக்கும் ஜிபிஎம் என்னும் சிறு நிரல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டளைத் திரையில் மவுஸுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது வட்டின் தனி அடையாளமான யூயுஐடியைத்தான்.

புதிய வட்டு ஒன்றைச் சேர்த்தால் 36 குறிகள் கொண்ட அந்த அடையாளத்தை, இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் எழுத வேண்டும். எண்ணும் எழுத்தும் இடைக்கோடும் கலந்த அந்தச் சரத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டினால், ஓரிடத்தில் விரல் பிசகினாலும் போதும். அடுத்த முறை கணினி அவசரநிலைத் திரையில் வந்து நிற்கலாம். ஜிபிஎம் இருக்கும்போது அந்தக் கவலை இல்லை. பிஎல்கேஐடி என்னும் கட்டளை காட்டும் யூயுஐடி சரத்தின்மேல் இருமுறை சொடுக்கினால் மேற்கோள் குறிகளை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறது. ஆல்ட்டுடன் எஃப்2 அழுத்தி, நானோ உரைத்தொகுப்பி திறந்திருக்கும் அடுத்த கன்சோலுக்குப் போய் நடுப் பொத்தானை அழுத்தினால் சரம் அப்படியே வந்து விழுகிறது. இந்த ஒரு வசதிக்காகவே இதை நிறுவலாம்.

மும்முறை சொடுக்கினால் முழு வரியும் தேர்வாகும். வரியின் கடைசியில் உள்ள வெற்றிடங்கள் தாமாகவே நீங்கிவிடுகின்றன. திரையின் ஓரம்வரை நிரம்பி மடிந்த நீண்ட கட்டளை, ஒட்டும்போது பெரும்பாலும் உடையாமல் ஒரே வரியாக வருகிறது. இந்த நுணுக்கம் லினக்ஸின் மையக்கருவான கெர்னலிலேயே இருக்கிறது. எழுதியவர்கள் யோசித்து எழுதியிருக்கிறார்கள்!

ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. முழு வரியைத் தேர்ந்தெடுத்தால் வரிமுடிவும் கூடவே வரும். கட்டளைகளை ஏற்று இயக்கும் ஷெல்லில் ஒட்டிய மறுகணமே கட்டளை இயங்கிவிடலாம். முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கில் இருக்கும்போது நான் மும்முறைச் சொடுக்கைத் தொடுவதே இல்லை. கடைசி எழுத்துவரை இழுத்து அங்கேயே நிறுத்திவிடுகிறேன். தேர்வு நினைவகம் எல்லாக் கன்சோல்களுக்கும் பொதுவானது என்பதையும் மறக்கக் கூடாது. ஒருவர் விட்டுப்போன தேர்வை அடுத்து உட்காருபவர் தம் கணக்கில் ஒட்டிவிட முடியும். பலர் பயன்படுத்தும் கணினியென்றால் ஜிபிஎம்மைத் தொடங்கும்போது பெரிய ஏ விருப்பத்தை (-A) விநாடி எண்ணிக்கையோடு ஒட்டி எழுதி அவசியம் போடுங்கள். அத்தனை விநாடிகள் கடந்ததும் பழைய தேர்வு செல்லாது, புதிதாக ஏதாவது தேர்ந்தெடுக்கும்வரை ஒட்டும் வசதி முடங்கியிருக்கும்.

ஒரே திரையைப் பல பலகங்களாக்கும் டீமக்ஸ் நிரலில் திரையைப் பக்கவாட்டில் பிரித்து வேலை செய்பவர்களுக்குச் சிரமம் உண்டு. ஜிபிஎம்முக்குத் திரை மட்டுமே தெரியும், பலகங்கள் தெரியாது. இரண்டு வரிகளை இழுத்தால் பக்கத்துப் பலகத்தின் எழுத்தும் சேர்ந்து வருகிறது. பலகத்தை முழுத்திரையாக்கிவிட்டுத் தேர்ந்தெடுப்பதே வழி.

உருளையைச் சுழற்றி மேலே போகலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். மேலே ஓடிப்போன வரிகளைத் திரும்பக் காட்டும் கன்சோலின் பின்னுருட்டலையே 2020இல் 5.9 கெர்னலில் எடுத்துவிட்டார்கள். அந்த இழப்பு எனக்கு இன்னும் வருத்தம்தான். நீளமான வெளியீடு எதையும் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் நிரல் வழியாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

மிட்நைட் கமாண்டர் என்னும் கோப்பு மேலாளர் ஜிபிஎம்முடன் நேரடியாகப் பேசுகிறது. பட்டியலில் கோப்பைச் சொடுக்கலாம், மெனுவை இறக்கலாம். அதன் திரையிலிருந்து எழுத்தை நகலெடுக்க ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். தொலைவிலிருந்து இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியே வேறு கணினிக்குள் போனபின்பும் நகலெடுப்பதும் ஒட்டுவதும் நடக்கும். ஆனால் அங்கே ஓடும் நிரலுக்குச் சொடுக்கு போய்ச் சேராது.

பொத்தான்கள் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு குறிப்பு. நடுப் பொத்தானை ஒருமுறை அழுத்தும்வரை உங்கள் மவுஸுக்கு இரண்டே பொத்தான்கள் என்றுதான் ஜிபிஎம் எடுத்துக்கொள்ளும். அதுவரை வலப் பொத்தான் ஒட்டும். அதன்பின் நடுப் பொத்தான் ஒட்டும், வலப் பொத்தான் தேர்வை நீட்டிக்கும்.

ஜிபிஎம்மின் 1.20.7 பதிப்பு 2012இல் வெளிவந்தது. அதைத்தான் இன்னும் பயன்படுத்துகிறேன். மேசைக் கணினிக்கு அதுவே போதும். மடிக்கணினியின் தொடுபலகைக்கு மட்டும் கன்சொலேஷன் என்ற மாற்று நிரலைப் பரிந்துரைப்பேன். அது உள்ளீட்டுக் கருவிகளைக் கையாளும் லிப்இன்புட் நிரல் நூலகத்தைப் பயன்படுத்துவதால் தொடுபலகைகளை நன்றாகப் புரிந்துகொள்கிறது. டெபியன் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள்.