மாடப்புறாவும் காட்டுப்புறாவும்

கோவையில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு கை கம்பு இறைத்தால் மாடப்புறாக்கள் கூட்டமாக வந்து இறங்கும். வால்பாறைச் சோலைக்குள் அரை நாள் அண்ணாந்து கழுத்து வலித்த பிறகுதான் ஒரு நீலகிரிக் காட்டுப்புறா கண்ணில் பட்டது. பிடரியில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டம், அலகில் காட்டுப்பழம்.

முதலாவது உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் உண்டு; உயிரினங்களின் அழியும் ஆபத்தை மதிப்பிடும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் ‘கவலை குறைந்த’ இனம். இரண்டாவது மேற்குத் தொடர்ச்சி மலையையும் தென்னிந்தியாவின் சில குன்றுகளையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. வளர்ந்த பறவைகள் 2,500 முதல் 9,999 வரை என்பது மதிப்பீடு. நிலை ‘அழிய வாய்ப்புள்ளது’. அதுவும் ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும்.

சரி, எண்ணிக்கை இருந்தால் போதுமா? வட அமெரிக்கப் பயணிப்புறாவும் நூறு கோடிக் கணக்கில் இருந்ததுதான். கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்தது.

என் பைனாகுலர் காட்டுப்புறாவுக்குத்தான். மாடப்புறாவுக்கு விளக்குமாறு போதும், மாடியைக் கழுவ.