க்ரூமியோ, ஹாஸ்கில்: பீத்தோவன் சொனாட்டாக்கள், மூன்று சிடி பெட்டி

அட்டையில் வயலின் சொனாட்டா (சில பகுதிகளாக வரும் வாத்திய இசை) என்று போட்டிருந்தாலும் இந்தப் பெட்டியைப் பியானோவுக்காகவே வாங்கலாம். ஆர்தர் க்ரூமியோ வயலின், கிளாரா ஹாஸ்கில் பியானோ. பிலிப்ஸ் நிறுவனத்துக்காக 1956, 57ஆம் ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து பதிவு செய்த பீத்தோவனின் பத்து சொனாட்டாக்களும் மூன்று சிடிக்குள் அடங்கிவிட்டன. நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும்.

நான் சோமனூர் பக்கம் தறிக்குடோன் வைத்திருப்பவன். காடா துணி, கூலிக்கு ஓட்டுகிறேன். சின்ன வயதில் கர்நாடக வயலின் படித்தேன்; வர்ணம் முடிந்து கீர்த்தனைக்கு வந்த நேரத்தில் அப்பா தறிக்கு இழுத்துக்கொண்டார். தறி ஓடும்போது வீட்டில் டிவி சத்தமே காதில் ஏறாது, இதில் பியானோவை எங்கே கேட்பது? கூலி உயர்வு கேட்டு ஊரே தறியை நிறுத்தியிருந்த சமயத்தில்தான் இதை முழுசாகக் கேட்க வாய்த்தது. கையில் காசு புரளாத நேரம். காதுக்கு மட்டும் நல்ல வேட்டை.

திருப்பூரில் கீபோர்டு வகுப்புக்குப் போகும் என் மகள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ஏனுங்ப்பா, இதுல மெயின் யாருங்க?" என்றாள். நம் கச்சேரியில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பாடுகிறவர் நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் எதிர்ப்பக்கம் என்று மேடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாடகர் ஆலாபனையில் ஒரு பிடியை விட்டால் வயலின் அதை எடுத்து வாசிக்க வேண்டும். அவரைத் தாண்டிப் போகக் கூடாது. என் வாத்தியாரும் அப்படித்தான் பழக்கினார். பீத்தோவனோ இவற்றைப் பியானோவுக்கும் வயலினுக்கும் என்று, பியானோவை முன்னால் வைத்தே வெளியிட்டார். இங்கே பல இடங்களில் பியானோ பேச, வயலின் கீழே நின்று தாங்குகிறது. அந்த நேரத்தில் க்ரூமியோ தன் நாதத்தை எப்படிக் குறைக்கிறார் என்று கவனியுங்கள். எத்தனையோ பெரிய வித்வான்களுக்கு அந்த இடத்தில் அடங்கி நிற்க மனசு வராது.

ஐந்தாவது சொனாட்டா, 'வசந்தம்' என்று பெயர் வாங்கியது, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். மூன்றாம் பகுதி ஒரு நிமிஷம் சொச்சம்தான். வள்ளி கும்மி ஆட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒரு அடி பிந்தியே வருகிற மாதிரி, பியானோவுக்கு ஒரு தட்டு பின்னால் வயலின் ஓடிவரும். பீத்தோவன் வேண்டுமென்றே செய்த குறும்பு. பலர் இதை அழுத்தி வாசித்து, 'பார், இது வேடிக்கை' என்று காட்டுவார்கள். இவர்கள் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் வாசிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது இதில்தான்.

ஆனால் பெட்டியின் உச்சம் பத்தாவது சொனாட்டா. 1812இல் எழுதியது. வயலின் ஒரு சின்ன நடுக்கத்தோடு நாலே சுரம் சொல்லும், பியானோ அதையே திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் தொடக்கம். இரண்டு பேரும் ஒரே மூச்சில் யோசிக்காவிட்டால் அந்த இடம் வெறும் பாடம் ஒப்பிப்பதாகிவிடும்.

இந்த ஒற்றுமை எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர்கள் வாழ்க்கையில் கொஞ்சம் விடை இருக்கிறது. ஹாஸ்கில் 1895இல் புக்கரெஸ்டில் பிறந்தவர். பெல்ஜியத்துக்காரரான க்ரூமியோ 1921. இருபத்தாறு வயது இடைவெளி. ஹாஸ்கில் என்ற அந்த அம்மாவுக்கு முதுகெலும்பு வளைவு. இளம் வயதில் வருஷக்கணக்கில் உடம்பில் மாவுக்கட்டோடு கிடந்தார். யுத்த காலத்தில் பார்வை நரம்பில் கட்டி வந்து மார்செய்யில் அறுவை சிகிச்சை, பிறகு சுவிட்சர்லாந்துக்குத் தப்பி வந்தார். பெரிய பெயர் கிடைத்தபோது ஐம்பதைத் தாண்டிவிட்டது. க்ரூமியோவுக்குப் பாதை அவ்வளவு முள்ளாக இல்லை. 1973இல் அவர் நாட்டு ராஜா 'பாரன்' என்ற பிரபுப் பட்டமே கொடுத்தார். இருவரும் பிரான்சின் பிராட் (Prades) என்ற ஊரில் செல்லோ வித்வான் கசால்ஸ் நடத்திய இசை விழாவில் 1950இல் சந்தித்தவர்கள். ருமேனிய மேதை எனெஸ்குவிடம் க்ரூமியோ படித்தவர், ஹாஸ்கில் அதே எனெஸ்குவோடு சேர்ந்து வாசித்தவர். அதைவிட முக்கியம், ஹாஸ்கிலுக்கு வயலின் வரும், க்ரூமியோவுக்குப் பியானோ வரும். பிற்பாடு க்ரூமியோ ஒரு மொஸார்ட் சொனாட்டாவிலும் ஒரு பிராம்ஸ் சொனாட்டாவிலும் இரண்டு வாத்தியத்தையும் தானே வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து ஒரு தட்டே வெளியிட்டிருக்கிறார். எதிராளியின் கை அடுத்து எங்கே போகும் என்று தெரிந்தவர்கள் வாசிப்பது வேறுதான்.

பத்து வருஷம்தான் இந்த ஜோடி. 1960 டிசம்பரில் க்ரூமியோவோடு கச்சேரிக்காக பிரஸ்ஸல்ஸ் வந்து இறங்கிய ஹாஸ்கில், ரயில் நிலையப் படிக்கட்டில் விழுந்து தலையில் அடிபட்டு மறுநாள் இறந்துவிட்டார். க்ரூமியோ 1970களில் அர்ராவ் என்ற பெரிய பியானோக்காரரோடு பீத்தோவனை மறுபடி பதிவு செய்தார். ஸ்டீரியோ, ஒலி துல்லியம். ஆனாலும் எனக்கு ஹாஸ்கிலோடு வாசித்த இந்தப் பழைய பதிவுதான் பிடிக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். எல்லாம் மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிந்த ஒலி. பியானோவின் இடது கை சில இடங்களில் டப்பாவுக்குள் இருந்து வருகிறது. 'க்ராய்ட்சர்' என்று பெயர் வாங்கிய ஒன்பதாவது சொனாட்டா இடி மின்னலோடு வேண்டும் என்பவர்களுக்கு இவர்கள் வாசிப்பு அடக்கமாகத் தெரியும். அதற்கு ஆய்ஸ்ட்ராக் (வயலின்), ஓபோரின் (பியானோ) ஜோடியின் 1962 பதிவு இருக்கிறது. உள்ளே வைத்த கையேடு நாலு பக்கம், இந்த இரண்டு பேரைப் பற்றி ஒரு வரி உருப்படியாக இல்லை. எனக்கு வந்த பெட்டியின் கீல் உடைந்திருந்தது, தட்டில் கீறல் இல்லை. விற்றவரிடம் கேட்டதற்கு இன்றுவரை பதிலும் இல்லை. சரி, போகட்டும்.

வாங்குகிறவர்கள் வீட்டில் ராத்திரி கேளுங்கள். காரில் போட வேண்டாம். பல்லடம் ரோட்டு லாரி ஹாரனில் பத்தாவது சொனாட்டாவின் முதல் நாலு சுரம் காணாமல் போய்விடும்.