லினக்ஸ் மின்ட் 22: பழைய விண்டோஸ் 10 லேப்டாப்புக்கு ஒத்துவருமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. அவற்றைத் தூக்கிப் போடுவதற்கு முன் விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓஎஸ் (இயங்குதளம்) லினக்ஸ் மின்ட் 22-ஐ ஏற்றிப் பார்க்கலாம். உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை அப்டேட் வரும். மெனு, டாஸ்க்பார் எல்லாம் விண்டோஸ் பழகியவர்களுக்குக் கைக்கு வந்த இடத்திலேயே இருக்கும்.

மின்ட்டின் பதிப்புகளில், 8 ஜிபி ரேம் இருந்தால் சின்னமன், 4 ஜிபி என்றால் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ. ஆனால் ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போடாமல் வேகம் எதிர்பார்க்காதீர்கள்.

மின்ட்டைப் பயன்படுத்துவது எளிது. தகராறெல்லாம் அதை ஏற்றும்போதுதான். மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் கோப்பு) 8 ஜிபி பென்டிரைவில் எட்சர் அல்லது ரூஃபஸ் மென்பொருள் கொண்டு எழுதுங்கள். அதை வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது. விண்டோஸையும் வைத்துக்கொள்வதென்றால், பிட்லாக்கரின் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவியை முதலில் வேறிடத்தில் சேமித்து, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாமல் உறக்கத்தில் கிடக்கும். அதன் டிரைவை மின்ட்டில் படிக்க முடிந்தாலும் எழுத முடியாது. நிறுவும்போது டிஸ்க்கே தென்படவில்லையா? பயாஸில் ஸ்டோரேஜ் 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' முறையில் இருக்கக்கூடும், 'ஏஹெச்சிஐ'க்கு மாற்ற வேண்டும். இரண்டு ஓஎஸ் வைப்பவர்கள் விண்டோஸைச் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள், இல்லையேல் அது நீலத்திரையில் நின்றுவிடும்.

செக்யூர் பூட் (அங்கீகரித்த மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில், நிறுவும்போது மல்டிமீடியா கோடெக் பெட்டியை டிக் செய்தால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்து அதையே கொடுக்க வேண்டும். பலர் பயந்துபோய் இதைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு என்விடியா டிரைவர் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவார்கள். பிராட்காம் சிப் உள்ள லேப்டாப்பில் வைஃபை வரவில்லை என்றால் போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, டிரைவர் மேனேஜரைத் திறங்கள்.

தமிழ் தட்டச்சில்தான் மின்ட் ஏமாற்றுகிறது. கீபோர்டு லேஅவுட்டில் உள்ள தமிழ்நெட் 99 தானாகப் புள்ளி வைக்காது. 'அம்மா'வுக்கு ஒவ்வொரு முறையும் புள்ளியைத் தனியாக அடிக்க வேண்டும். சினாப்டிக்கில் (மென்பொருள் நிறுவும் கருவி) 'ஐபஸ்-எம்17என்' என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவி, இன்புட் மெத்தடில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து திரும்பி, ஐபஸ் அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்தால் அது முழுமையாகக் கிடைக்கும். பாமினியில் அடித்த பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருவை நீங்களே நிறுவ வேண்டும்.

டேலி, போட்டோஷாப், மேக்ரோ நிறைந்த எக்செல் ஆகியவற்றை நம்பிப் பிழைப்பவர்கள் முழுதாக மாறவேண்டாம். பிரௌசர், பிடிஎஃப், கடிதம், வீடியோ என்ற அளவில் இருப்பவர்கள் தாராளமாக மாறலாம். நிறுவியதும் மின்ட்டின் டைம்ஷிஃப்ட் கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) எடுத்துவிடுங்கள். அது சிஸ்டத்தை மட்டுமே காக்கும். போட்டோக்களுக்குத் தனி பேக்கப் வேண்டும்.