க்யூஎமுவில் எஸ்டிஎம்32 மெமரி மேப்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

தாமிரபரணிக் கரை வாழைத் தோட்டங்களில் செல்போனிலிருந்தே மோட்டார் போடும் ஸ்டார்ட்டர் பெட்டி இப்போது சாதாரணம். உள்ளே ஓடும் ஃபர்ம்வேரில் ஒரு பிட் தப்பினால் மோட்டாரின் கம்பிச் சுருள் எரியும், ரீவைண்டிங் கூலி தோட்டக்காரர் தலையில் விழும். அந்த மாதிரிப் பலகைக்கு எஸ்டிஎம்32எஃப்405 சிப்பை எடுத்தால், முதலில் கணினியிலேயே சிப்பைப் போல நடிக்கும் க்யூஎமு மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது லாபம்தான். ஆனால் அதில் சிப்பின் மெமரி மேப்பை (எந்த முகவரியில் எந்த டிவைஸ் என்ற பட்டியலை) நாமே எழுதி முடிக்கும்போது எங்கெங்கே காலை வாரும் என்று டேட்டாஷீட்டில் இருக்காது.

அடிப்படை எளிது. ஒவ்வொரு டிவைசுக்கும் ஒரு மெமரி ரீஜன். அதற்கு ஒரு ரீட் ஃபங்ஷன், ஒரு ரைட் ஃபங்ஷன். இவற்றுக்கு வந்து சேர்வது முழு முகவரி அல்ல, ரீஜன் தொடக்கத்திலிருந்து எண்ணிய ஆஃப்செட். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் வயல்காரருக்குத் தன் மடையிலிருந்துதான் கணக்கு, அணைக்கட்டிலிருந்து இல்லை, அதே கதை. ரீட் ஃபங்ஷனுக்குள் ஹெக்ஸ் (16-அடி எண்) 40023800 போன்ற முழு முகவரியை ஒப்பிட்டு எழுதினால் எந்த கேசிலும் விழாமல் டீஃபால்ட்டுக்குப் போய்விடும்.

அதிக நேரத்தைத் தின்பது சும்மா வரும் பூஜ்யம். எழுதாத டிவைஸ்களுக்கு 'அன்இம்ப்ளிமென்டட் டிவைஸ்' என்று ஒன்றைப் போட்டு இடத்தை நிரப்பலாம். அதன் முன்னுரிமை மைனஸ் 1000. பிறகு அதே இடத்தில் உண்மையான மாடலை வைத்தால் அது தானாக மேலே நிற்கும். வசதிதான், ஆனால் எதைப் படித்தாலும் 0 தரும். கிளாக்கைக் கட்டுப்படுத்தும் ஆர்சிசியை (தொடக்கம் 40023800, நீளம் ஹெக்ஸ் 400) இப்படி விட்டால், ஃபர்ம்வேர் முதல் ரெஜிஸ்டரின் (டிவைஸின் கட்டுப்பாட்டுச் சொல்லின்) 16-ஆம் பிட்டை ஏற்றிவிட்டு, 'கிரிஸ்டல் தயார்' என்னும் 17-ஆம் பிட்டுக்காகக் காத்துக் கிடக்கும். அது வராது, டைம்அவுட் ஆகி எரர் ஹேண்ட்லரில் சுற்றும். பார்ப்பவருக்கு யூஆர்டி (சீரியல் போர்ட்) கெட்டதுபோலத் தோன்றும், யூஆர்டியில் ஒரு தப்பும் இருக்காது.

தீர்வு சிறியது. 16 ஏறினால் 17-ஐயும், பிஎல்எல்லுக்கு (கிளாக் வேகத்தைப் பெருக்கும் பகுதி) 24 ஏறினால் 25-ஐயும் ரைட் ஃபங்ஷனிலேயே ஏற்றிவிடுங்கள். ஆஃப்செட் 8-இல் உள்ள ரெஜிஸ்டரில் 0, 1 பிட்களில் எழுதியதை 2, 3 பிட்களில் திருப்பிக் காட்ட வேண்டும். முதல் ரெஜிஸ்டரின் ரீசெட் மதிப்பு ஹெக்ஸ் 83 என்பதையும் மறக்கக் கூடாது.

இதோடு முடிந்தது என்று நினைக்கும்போது பிட்-பேண்ட் (ஒவ்வொரு பிட்டுக்கும் தனி முகவரி தரும் ஏற்பாடு) வரும். சிப் தயாரிப்பாளர் தரும் எஃப்4 ஹால் லைப்ரரி பிஎல்எல்லை ஏற்றுவது நேரான முகவரியில் இல்லை, 42470060 என்ற இடத்தில். கணக்கு இப்படி: 42000000-உடன் 23800-ஐ 32-ஆல் பெருக்கிக் கூட்டி, 24-ஐ 4-ஆல் பெருக்கிக் கூட்டுவது (முகவரிகளும் 23800 என்ற ஆஃப்செட்டும் ஹெக்ஸ், மற்றவை சாதாரண எண்). சொந்தமாக எஸ்ஓசி (முழுச் சிப்பின் மாடல்) எழுதுகிறவர் அதன் சிபியுவான ஆர்ம்வி7எம் பகுதியில் பிட்-பேண்ட் பிராப்பர்ட்டியை ஏற்றவில்லை என்றால் அங்கே யாருமில்லை. ஃபர்ம்வேர் நேரே ஃபால்ட்டில் போய் விழும். டீஃபால்ட்டாக அது அணைந்தே இருக்கிறது. இதை க்யூஎமு கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் மனக்குறை.

ஒரே தடவையில் எழுதும் பைட் அகலம் இன்னொரு பொறி. மாடல் கையாளும் அளவைச் சொல்லும் 'இம்ப்ள்' அமைப்பில் குறைந்தபட்ச அளவை 4 என்று வைத்தால் ஒரு பைட் எழுத்தையும் க்யூஎமுவே பக்குவமாகச் சேர்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். சேர்க்காது. பழைய மதிப்பைப் படித்துத் திருத்தி எழுதும் வேலை அதில் கிடையாது. அந்தப் பைட் பூஜ்யங்களோடு நீட்டப்பட்டு நான்கு பைட்டாக வந்து நிற்கும், மாடல் அப்படியே சேமித்தால் மற்ற மூன்றும் அழியும். ஆர்சிசி பைட் எழுத்தை ஏற்கும் டிவைஸ், ஹாலும் சில இடங்களில் அப்படித்தான் எழுதுகிறது. ஆகவே 'இம்ப்ள்' குறைந்தபட்சத்தை 1 ஆகவே விட்டு, வந்த சைஸைப் பார்த்து மாஸ்க் போட்டுச் சேருங்கள்.

சோதிக்க இரண்டு கருவி போதும். மானிட்டரில் (க்யூஎமுவின் கட்டளைத் திரை) 'இன்ஃபோ எம்ட்ரீ' நாம் கட்டிய மரத்தைக் காட்டும். கூடவே எஃப் ஆப்ஷனைக் கொடுத்தால் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்கள் தீர்ந்தபின் சிபியு பார்க்கும் தட்டையான பட்டியல் வரும். சந்தேகம் வந்தால் இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும். லாகில் 'அன்இம்ப்', 'கெஸ்ட் எரர்ஸ்' இரண்டையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: மானிட்டரில் மெமரியைக் காட்டும் 'எக்ஸ்பி' கொடுத்து 40011004-ஐ (யூஆர்டி-1 இன் டேட்டா ரெஜிஸ்டர்) எட்டிப் பார்ப்பதும் ரீட்தான். அந்த யூஆர்டிக்கு வந்திருந்த எழுத்தை அது தின்றுவிடும், ஃபர்ம்வேருக்கு மிஞ்சாது.

பாராட்ட வேண்டியது, ஒரு முறை சரியாக எழுதிய மேப் பிறகு தொந்தரவே தருவதில்லை. நேரக் கணக்கை மட்டும் இதில் நம்ப வேண்டாம். மேலே சொன்ன மாடலில் கிரிஸ்டல் எழுதிய நொடியே தயார். நிஜப் பலகையில் அது நிலைபெற நேரம் எடுக்கும். ரிலே காண்டாக்ட் அதிர்வை எத்தனை மில்லிசெகண்ட் பொறுப்பது என்பதையெல்லாம் பெட்டியை மேசையில் வைத்து, மோட்டாருக்குப் பதில் பல்பு மாட்டித்தான் பார்க்க வேண்டும்.