உண்ணிக்கு வேப்பெண்ணெயா, பேன்சீப்பும் சுடுநீருமா?

வன்னியில் நாய் இல்லாத வளவு குறைவு. பன்றி வந்து மரவள்ளியைக் கிளறாமல் பார்க்கவும், இருட்டில் ஆள் நடமாட்டம் தெரியவும் வீட்டுக்கு இரண்டு மூன்று நிற்கும். அவற்றோடு உண்ணியும் வந்து சேரும். பயிருக்கு அடிக்கும் நஞ்சைக் கரைத்து நாயின் மேல் ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. நாய் தன் உடம்பை நக்கும். பிள்ளைகள் அந்த நாயைக் கட்டிப்பிடிப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மண்ணெண்ணெயும் அப்படித்தான், தோலை வேகவைத்துவிடும்.

மிஞ்சியவற்றுள் புகையையும் தூளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நொச்சிப் புகை நுளம்பை விரட்டும். தோலில் கடித்துத் தொங்கும் உண்ணியை அசைக்காது. சாம்பல் போன்ற தூள்கள் காய்ந்திருக்கும்வரைதான் பயன்படும். மாரி தொடங்கிவிட்டால் ஈரம் ஏறிக் கட்டியாகிவிடும். ஆகவே உண்மையான போட்டி வேப்பெண்ணெய்க்கும், பேன்சீப்பு, சுடுநீர், விளக்குமாறு என்ற கைவேலைக்கும் இடையில்தான். நான் கைவேலையின் பக்கம்.

வேம்பைக் குறைத்துச் சொல்லவில்லை. வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள், பூச்சிகள் உண்பதையும் தோலுரித்து வளர்வதையும் தடுக்கிறது. ஆனால் அது மெல்ல வேலை செய்யும் சரக்கு. கொழுத்துத் தொங்கும் உண்ணி, எண்ணெய் பட்ட உடனே விழுந்து செத்துவிடாது. வெயில் பட்டால் வீரியம் குறையும். தண்ணீரில் கலந்ததை அன்றைக்கே தெளித்து முடிக்க வேண்டும். ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீருக்கு 10 மில்லிலீற்றர் எண்ணெய், கரைவதற்குச் சிறிது சவர்க்காரம் என்பது என் அளவு. கலக்காமல் பூசினால் சில நாய்களுக்குத் தோல் சிவக்கும். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் போத்தலை வைக்க வேண்டும். வயிற்றுக்குள் போனால் அது ஆபத்து.

கைவேலையை நான் மேலே வைப்பதற்குக் காரணம், நாயில் நாம் காணும் உண்ணி மொத்தக் கூட்டத்தில் சிறு பங்குதான் என்பது. வீட்டில் பெருகுவது கபில நிற நாயுண்ணி. குஞ்சு, இளம் உண்ணி, வளர்ந்தது என மூன்று பருவத்திலும் நாயில் ஏறி இரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் குடித்து முடித்ததும் இறங்கி ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் நாயின் மேல் அல்ல, சுவர் இடுக்கில். இரத்தமில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும்.

போருக்குப் பின் கட்டிய வீட்டுத்திட்ட வீடுகளில் பூச்சு வேலை முடியாத சீமெந்துக் கற்சுவர்கள் எத்தனையோ நிற்கின்றன. அந்தக் கல் இடுக்குகள்தான் அதன் குடியிருப்பு. இரவில் டோர்ச் அடித்துக் கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பைப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய கபிலப் புள்ளிகள் அப்பிக் கிடக்கும். ஈர்க்கை விட்டுக் கிளறினால் புள்ளிகள் கால்களை விரித்துச் சுவரில் மேல்நோக்கி ஏறும். எண்ணெய் பூசிய நாய் முற்றத்தில் படுத்திருக்க, இவை இங்கே பசியோடு காத்திருக்கின்றன.

ஆகவே கேள்வி எது வீரியமானது என்பதல்ல, எதை விடாமல் செய்ய முடியும் என்பதுதான். முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை நல்ல சூட்டில் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அந்தக் காலம் முழுவதும் வாரந்தோறும் செய்தால்தான் கூட்டம் அறும். எண்ணெயை ஒவ்வொரு முறையும் வாங்கி, கலந்து, நாயைப் பிடித்துக் குளிப்பாட்ட வேண்டும். மழை நாட்களில் எண்ணெய் கழுவிப் போய்விடும். நாய் படுக்கும் சாக்கின் மேல் கொதிநீர் ஊற்றி வெயிலில் விரிப்பதற்கு விறகும் கிணறும் போதும். இடுக்குகளை விளக்குமாற்றால் கிளறிக் கூட்டி, குப்பையை அடுப்பில் போடலாம். வசதிப்படும்போது வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்துவிட்டால் அந்த இடத்து வேலை ஒரேயடியாக முடிந்தது. எண்ணெயால் இது முடியாது.

நாயைப் பொறுத்தவரை மாலையில் காதின் உட்புறம், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டியின் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்தால் போதும். உண்ணியைத் தோலோடு ஒட்டிச் சாவணத்தால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நகத்தால் நசுக்காதீர்கள்; அதன் இரத்தத்தில் நோய்க்கிருமி இருக்கலாம். சுடுநீர்ச் சிரட்டையில் போட்டுவிடுங்கள். பேன்சீப்பு தெள்ளுக்கும் குஞ்சு உண்ணிக்கும் உதவும். கொட்டிலில் திரியும் கோழிகள் விழுந்து கிடக்கும் உண்ணிகளைக் கொத்தித் தின்னும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்குப் போய்வரும் நாய்களில் வேறு இன உண்ணிகளும் ஏறும். அவை சுவரில் குடியேறுவது அரிது; அங்கே கொதிநீரை விட வேப்பெண்ணெய்க்கு மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன். பூனைகளில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. ஆனால் கற்பூரம், தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களைப் பூனைக்குப் பூசவே கூடாது; அதன் ஈரலால் அவற்றைச் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது. உள்ளிப்பூண்டை நாய்க்கோ பூனைக்கோ உண்ணக் கொடுப்பதும் நஞ்சுதான்.

உண்ணி பரப்பும் காய்ச்சலுக்கு இந்த வழிகள் எதுவும் மருந்தல்ல. நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் செந்நிறமாகப் போனாலோ அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அவர் தரும் மருந்து இரசாயனம்தான், அதைத் தயங்காமல் கொடுங்கள்.